உடனிருப்பவர் பெயர்

ஐம்பத்து மூன்று பேர். ஏறியதிலிருந்து மூன்று தரம் எண்ணிவிட்டேன் அண்ணாச்சி. டிரைவரையும் கண்டக்டரையும் சேர்த்தால் ஐம்பத்தைந்து. தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக இப்படி ஒரு பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியை எண்ணுகிறேன். முடிவெட்டப் போனால் காத்திருப்பவர்களை எண்ணுகிறேன். முதலில் தலைகளை, பிறகு இருக்கைகளை, பிறகு நிற்பவர்களைத் தனியாக. கணக்கு ஒத்துப்போனால்தான் உட்கார முடிகிறது. ஒத்துப்போனாலும் ஒருவரை விட்டுவிட்டேனோ என்று இருக்கும். கண்ணுக்குத் தெரிகிறவர்களைத்தானே எண்ண முடியும்.

கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். காற்று வருகிறதா? சரி.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் இறங்க வேண்டும். பதினொரு மணிக்கு விசாரணை. நேரம் இருக்கிறது. இந்த பஸ் மில் கேட், பால் பண்ணை எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகும். வேண்டுமென்றுதான் இதில் ஏறினேன்.

விசாரணை என்றதும் பார்க்கிறீர்கள். என் மேல் இல்லை. நான் சாட்சி. சாட்சி என்றுகூடச் சொல்ல முடியாது, விவரம் தெரிந்தவன். விசாரணை அமலோற்பவம் என்று ஒரு அம்மாவின் மேல். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் பதிகிற ஜன்னலில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவர். ஒப்பந்த வேலைதான். அடுத்த வருஷம் நிரந்தரமாக்குவதாக இருந்தது. இப்போது மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். இன்று என் கடிதத்தைப் படித்து, என்னிடம் நாலு கேள்வி கேட்டு, அவருக்கு வேலை உண்டா இல்லையா என்று முடிவு செய்துவிடுவார்கள். வீட்டுக்காரர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். எனக்கு அந்த அம்மாவின் மேல் ஒரு கோபமும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொடுத்த கம்பெனியின் ஆள் நான். அங்கே எங்கள் நாலு பேரையுமே 'கம்ப்யூட்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கஷ்டமானது இல்லை. புரோகிராமுக்குள் நோட்டுப் புத்தகம் மாதிரி அட்டவணைகள் இருக்கும். நோயாளிகளுக்கு ஒரு நோட்டு. உடனிருப்பவர்களுக்கு ஒரு நோட்டு. உடனிருப்பவர் என்றால் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர், பாஸ் வாங்கிக்கொண்டு வார்டில் கூடவே இருப்பவர், ரத்தம் வேண்டும் என்றால் ஓடுகிறவர். காலையில் நர்ஸ் வார்டுப் பட்டியல் கேட்டால், கம்ப்யூட்டர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோத்துக் கொடுக்கும். இந்தப் படுக்கை, இந்த நோயாளி, உடனிருப்பவர் இவர், போன் நம்பர் இது.

கோப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நோயாளி நோட்டில் இருக்கிற எல்லோரையும் எடுப்பது. உடனிருப்பவர் இருந்தால் பெயரை எழுதும், இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடும். இன்னொன்று, இரண்டு நோட்டிலும் ஜோடி இருப்பவர்களை மட்டும் எடுப்பது. ஜோடி இல்லாத ஆளைத் தொடுவதில்லை. அழித்துவிடுவதில்லை அண்ணாச்சி, அதைக் கவனியுங்கள். நோட்டில் இருப்பார். பட்டியலில் வரமாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். எந்த வழி என்று சொல்ல ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். 'ஆம்' என்றால் ஜோடி இருப்பவர்கள் மட்டும், 'இல்லை' என்றால் எல்லோரும்.

ஜோடி இருப்பவர்களை மட்டும் எடுப்பது வேகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டியல் வர நாற்பது வினாடி ஆனது. நாற்பது வினாடி பெரிதா என்று கேட்பீர்கள். காலை நேரத்தில் வார்டில் நின்று பாருங்கள். ஒரு டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார், "என்னய்யா, உன் லிஸ்ட் வர்றதுக்குள்ள பேஷண்ட் குணமாகி வீட்டுக்கே போயிடுவான் போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் போட்டிருந்தது, ஜோடி கட்டாயம் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தச் சொல்லை மாற்றலாம், வேகம் கூடும் என்று.

உறுதியாகத் தெரிந்தால். நான் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவில்லை. அன்றைக்கு நோட்டில் பதினான்காயிரத்துச் சொச்சம் நோயாளிகள். உடனிருப்பவர் இல்லாத ஆள் ஒருவராவது உண்டா என்று தேடினேன். ஒருவர்கூட இல்லை. ஒரு கட்டமாவது காலி இருக்க வேண்டுமே? இல்லை. மாற்றினேன். நாற்பது வினாடி மூன்று வினாடி ஆயிற்று. அந்த டாக்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார். இதில் என் மேல் என்ன தப்பு சொல்வீர்கள்?

என்ன? அது எப்படி ஒருவர்கூட இல்லாமல் போகும் என்கிறீர்களா? அண்ணாச்சி, நீங்கள் இரண்டே நிமிஷத்தில் கேட்கிறீர்கள். எனக்கு ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று.

நோட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பெயர் எத்தனை தரம் வந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. 'செ. அமலோற்பவம்' என்ற பெயர் இருநூற்றுப் பன்னிரண்டு தரம் வந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்கு உடனிருப்பவர் ஒரே ஆள், ஒரே போன் நம்பர். உறவு மட்டும் மாறி மாறி இருந்தது. எழுபது வயதுக் கிழவருக்கு மகள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்குத் தங்கை. பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தாய்.

நேரே ஜன்னலுக்குப் போனேன். "யாரும்மா இந்த அமலோற்பவம்?" என்றேன். அவர் தலையைத் தூக்காமல், "நான்தான் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்கி" என்றார்.

பிறகு சொன்னார். "கூட வந்த ஆளு இல்லன்னா அந்தக் கட்டம் செவப்பாயிருது சார். அடுத்த பக்கம் போகமாட்டேங்கு. பின்னால இருவது பேரு நிக்காங்க. ஆம்புலன்ஸ்ல வந்தவரு ஸ்ட்ரெச்சர்ல கெடக்காரு. நான் யாரைப் போயித் தேட? அதான் எம்பேரப் போட்டு உள்ள அனுப்பிருவேன்."

"உறவு எப்படிம்மா போட்டீங்க?"

"வயசப் பாத்துதான். பொய்தான் சார். அதுக்காவ கண்டமேனிக்குப் பொய் சொல்ல முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "போன் வருமே?" என்றேன்.

"வரும். எடுப்பேன். ரத்தம் வேணும்பாங்க, மாத்திரை வெளிய வாங்கணும்பாங்க. யாரையாவது பிடிச்சுச் சொல்லுவேன். வீட்டுக்கு அனுப்பயில கையெழுத்துக்குக் கூப்பிடுவாங்க. சாப்பாட்டு நேரத்துல போயிப் போட்டுட்டு வந்துருவேன். ஒரு பெரியவரு போகயில என் தலையில கைய வச்சிட்டுப் போனாரு. உறவுல மகள்னு போட்டிருந்தேன், அது அவருக்குத் தெரியாது."

எங்கள் தொழிலில் இதற்குக் குப்பை என்று பெயர். நோட்டில் உண்மையில்லாத வரி இருந்தால் குப்பை. நல்ல எண்ணத்தோடு போட்ட குப்பையும் குப்பைதான். அதை நான் அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். "இது தப்பும்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும். அந்தச் சிவப்புக் கட்டத்தை நான் எடுத்துடறேன். இனிமே ஆள் இல்லன்னா காலியா விட்டுடுங்க."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலியா விட்டா ஆளு லிஸ்ட்டுல வருவாருல்லா சார்?"

"வருவார்மா" என்றேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் அவரவர் கஷ்டத்தில் இருந்தார்கள். எழுத்திலும் எதுவும் இல்லை. வாய்வார்த்தைதான்.

அன்றைக்கே சிவப்புக் கட்டத்தை எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரியையும் துடைத்துச் சுத்தம் செய்தேன். ஒன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால் மாற்றிய ஒரு சொல் யாருக்கு அண்ணாச்சி ஞாபகம் இருக்கும்? அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. நன்றாக வேலை செய்கிற எதையும் நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை பழைய கட்டடத்தைக் காலி செய்தார்கள். மேல்தளம் ஒழுகுகிறது என்று அந்த ஆண்கள் வார்டையே புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். புதுக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் இணைப்பு கொடுக்கப் போயிருந்தேன். வார்டு நர்ஸ் ஹெப்சி சிஸ்டர் புதுப் பக்கம் நின்று ஒவ்வொருவராக வாங்கிப் படுக்கையில் போட்டுக்கொண்டிருந்தார். பழைய பக்கத்திலிருந்து தூக்கிவந்தவர்கள் வெளியிலிருந்து வந்த ஒப்பந்த ஆட்கள். அவர்களுக்கு முகம் தெரியாது. கையில் பட்டியல். பட்டியலை அச்சடித்துக் கொடுத்தது நான்தான். நாற்பத்தொரு பெயர். நாற்பத்தொரு டிக். கீழே மொத்தம் என்று கம்ப்யூட்டரே போட்டிருந்தது, நாற்பத்தொன்று. எல்லாம் ஒத்துப்போயிற்று. மத்தியானம் ஒரு மணிக்குப் பழைய கட்டடத்தைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை மின்விசிறிகளைக் கழற்ற எலெக்ட்ரீஷியன்கள் போனார்கள்.

கடைசியில் ஒரு சின்ன அறை உண்டு, சளிப் பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் தனியாக வைக்கிற அறை. அதில் இருந்தவர் வெயிலுமுத்து. வயது ஐம்பத்தெட்டு, சுமார். பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்தவரை ஆம்புலன்சில் கொண்டுவந்திருந்தார்கள், காலி செய்ததற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. உடனிருப்பவர் காலி. ஹெப்சி சிஸ்டருக்கு அவர் ஞாபகம் இருந்தது. புதுப் பக்கத்தில் காணோம் என்றதும் பட்டியலைப் பார்த்தாராம். அதிலும் பெயர் இல்லை. சரி, சளி முடிவு வந்து காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் போல என்று நினைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? பட்டியலில் இல்லாத ஆளை எதற்குத் தேடுவது?

கட்டிலில் இல்லை அவர். கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

வேண்டாம். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது திரையைத்தான். பெயரைத் தட்டினேன், நோட்டில் இருந்தார். பட்டியலைக் கேட்டேன், வரவில்லை. அப்போதுதான் அந்தச் சொல் ஞாபகம் வந்தது. உடனே மாற்றினேன். 'ஆம்' என்று இருந்ததை 'இல்லை' ஆக்கினேன். மறுபடி பட்டியலைக் கேட்டேன். கடைசி வரியில் வந்தார். எல்லோருக்கும் கீழே. அவருக்கு முன்னால் இருந்த நாற்பத்தொரு பேருக்கும் நேராக ஒரு பெயர் இருந்தது. அவருக்கு நேராக வெள்ளையாக இருந்தது.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். யாரிடம்? கம்பெனியில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், நம் புரோகிராமில் தப்பு உண்டா? இல்லை என்றேன். அப்போது இல்லைதானே, அப்போது சரிசெய்துவிட்டேனே. சொல்லை மாற்றினாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் போகமாட்டேன் என்கிறார் அண்ணாச்சி.

அதுதான் விஷயம். ஒரு மாதம் பிணவறையில் வைத்திருந்தார்கள், போலீஸ்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், புதைத்துவிட்டார்கள். பிணவறைக்கு வேறு நோட்டு, அங்கே முடிந்துவிட்டது. வார்டு நோட்டிலிருந்து ஒருவரை விடுவிக்க வேண்டுமானால் உடனிருப்பவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். அந்தத் திரையில் சிவப்புக் கட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் இருந்ததை எடுத்தேனே தவிர இங்கே இருப்பதை எடுக்க மறந்துவிட்டேன். எடுக்கலாம் என்று போனால், விசாரணை முடிகிற வரைக்கும் அவருடைய வரியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

தினமும் காலை ஆறு மணிக்கு வார்டுப் பட்டியல் எனக்கும் மெயிலில் வரும். நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. திறந்தால் கடைசி வரியில் வெயிலுமுத்து. தங்கிய நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. இன்று காலை நூற்றொன்று.

சாப்பாடு வேறு. வார்டுச் சாப்பாட்டுக்குச் சமையலறை இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பொட்டலம் கட்டும். தலைக்கு ஒன்று. வெயிலுமுத்துவுக்கும் ஒன்று வருகிறது. பெயர் ஒட்டியிருக்கும். அதை யாரும் பிரிப்பதில்லை. அடுத்த படுக்கைக்காரர்கள் தொடமாட்டேன் என்கிறார்கள். துப்புரவு அம்மா எடுத்துப் போடவும் பயப்படுகிறார். ஜன்னல் கட்டையில் அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஹெப்சி சிஸ்டர் என்னைக் கண்டால், "கம்ப்யூட்டர் சார், உங்க ஆளு இன்னிக்கும் சாப்பிடல" என்பார். அவருக்கு எல்லாமே கேலிதான். உங்க ஆளு என்று ஏன் சொல்கிறார்? தெரிந்து சொல்கிறாரா? கேட்க முடியவில்லை.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. உடனிருப்பவர் கட்டத்தை ஏன் காலியாக விட்டாய் என்று அமலோற்பவத்திடம் எழுதிக் கேட்டார்கள். இத்தனை வருஷமாக ஒருவருக்கும் காலியாக விட்டதில்லையே, இப்போது மட்டும் ஏன்? நியாயமான கேள்வி. அவர் எழுதிய பதில் ஒரே வரி. 'கம்ப்யூட்டர் சார் சொன்னதால் விட்டேன்.' எந்தக் கம்ப்யூட்டர் சார்? பெயர் போடவில்லை. என் பெயர் அவருக்குத் தெரியும். சட்டையில் அட்டை குத்தியிருந்தது, ஜன்னல் வழியாக அதை எழுத்துக்கூட்டிப் படித்தார் அன்றைக்கு, நல்ல பேரு என்றுகூடச் சொன்னார். இருந்தும் போடவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது.

என்னிடமும் எழுதிக் கேட்டார்கள். நான் எழுதியதைப் படிக்கிறேன், கேளுங்கள். 'பதிவின்போது உடனிருப்பவர் விவரம் நிரப்பப்படவில்லை. விவரம் நிரப்பப்படாத நோயாளியின் பெயர் வார்டுப் பட்டியலில் இடம்பெறாது. பதிவு செய்தவர் செ. அமலோற்பவம்.' பாருங்கள். மூன்று வரி. எந்த வரி பொய்? காட்டுங்கள் பார்ப்போம். கம்பெனி வக்கீலும் படித்தார், நன்றாக இருக்கிறது என்றார்.

நேற்று அந்த அம்மா போன் செய்தார். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டேன். "சார், நாளைக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்கதுக்குக் கூப்பிடல" என்றார். "அவரு இன்னும் லிஸ்ட்டுல இருக்காராமே. ஹெப்சி சொன்னா."

"ஆமாம்மா."

"எம்பேரப் போட்டு அனுப்பி வச்சிருங்க சார். தங்கச்சின்னு போடுங்க. பதினஞ்சு வயசு வித்தியாசம், ஒத்துவரும்."

"அதெல்லாம் முடியாதும்மா. யார் எப்ப எதைத் தொட்டாங்கன்னு உள்ளே பதிவாகும். உங்க பேர் இப்பப் போய் அதுல விழுந்தா உங்க கேசுதான் கெட்டுப்போகும்."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. எத்தன நாளுதான் அவரு அங்கயே கெடப்பாரு?"

அப்புறம், "அன்னிக்குக் காலியா விடயில எனக்குக் கை வரல சார்" என்றார். "எம்பேர அடிச்சிட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்து அழிச்சேன்." வைத்துவிட்டார்.

அழிச்சேன் என்றாரே அண்ணாச்சி, அந்த ஒரு சொல். போட்ட பெயரை அழித்திருக்கிறார். அதை எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்? நான் என்ன செய்ய முடியும்?

மில் கேட் வந்துவிட்டது. பத்துப் பேர் ஏறுகிறார்கள். இருங்கள். பத்து இல்லை, ஒன்பது. ஒரு குழந்தை. பத்து.

சரி. இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறீர்கள். நேற்று மாலை விசாரணைக் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இன்று கடிதத்தோடு நிறுத்தமாட்டார்களாம். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பட்டியலை எடுத்துக் காட்டச் சொல்வார்களாம். யோசித்துப் பாருங்கள். காலியாக விட்டால் பட்டியலில் வராது என்று நான் எழுதியிருக்கிறேன். அவர்கள் பட்டியலைக் கேட்டால் கடைசி வரியில் வெயிலுமுத்து வந்து நிற்பார். காலிக் கட்டத்தோடு. அப்போது கேட்பார்களா மாட்டார்களா, இன்றைக்கு வருகிறவர் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று?

அதனால் இன்று காலை ஏழு மணிக்கு அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றினேன். நான் தொட்டது அவருடைய வரியை இல்லை, உத்தரவு அந்த வரிக்குத்தான். ஒரு சொல். பட்டியலைக் கேட்டேன். போய்விட்டார். கடைசி வரியில் வேறு யாரோ இருந்தார், பக்கத்தில் மனைவியின் பெயரோடு. உங்களிடம் சொல்கிறேன், நூறு நாளுக்குப் பிறகு இன்றுதான் இட்லி தொண்டையில் இறங்கிற்று. அந்தப் பொட்டலமும் இன்று வராது. எட்டு மணிக்கெல்லாம் சமையலறையில் எண்ணிக்கை எடுத்திருப்பார்கள்.

என்ன கேட்டீர்கள்?

மற்றவர்களா? இருப்பார்கள். யாரும் இல்லாமல் வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நேற்று ஆஸ்பத்திரி முழுக்க ஏழு பேர். இன்று எத்தனை என்று தெரியாது. பட்டியலில் வந்தால்தானே எண்ண முடியும். ஒரு நாள்தான் அண்ணாச்சி. விசாரணை முடிந்ததும் மாற்றிவிடுவேன். ஐந்து மணிக்குள் மாற்றிவிடுவேன். ஒரு வேளைச் சாப்பாடு, மிஞ்சினால் இரண்டு வேளை. மாத்திரைக்கும் இதே பட்டியல்தான், ஆனால் நர்ஸ்கள் கண்ணால் பார்ப்பார்கள் அல்லவா? முகம் தெரியும். புதிதாக வந்தவர்கள் என்றால்தான் கொஞ்சம்...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் எங்கே இறங்க வேண்டும்?

ஆஸ்பத்திரியிலேயா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. யாரைப் பார்க்க?

பக்கத்து வீட்டுக்காரர். தனி ஆளா. நேற்று ராத்திரி ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள் என்றால்... கூட யாராவது ஏறினீர்களா? ஏறவில்லை. காலையில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டீர்கள். சரி சரி, யாரும் அப்படித்தான் செய்வார்கள். பிளாஸ்கில் என்ன, கஞ்சியா?

எந்த வார்டு என்று தெரியாது இல்லையா. விசாரிக்கிற ஜன்னலில் பெயரைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பதும் இந்தப் பட்டியலைத்தான் அண்ணாச்சி. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்பார்கள். அவர்களிடம் சண்டை போடாதீர்கள், அவர்கள் மேல் தப்பில்லை. இருக்கிறார். கட்டாயம் இருப்பார், நோட்டில் இருப்பார். நீங்கள் ஒன்று செய்யுங்கள், வீட்டுக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு மேல் வந்து கேளுங்கள். வந்துவிடுவார்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? இன்னும் இரண்டு ஸ்டாப் இருக்கிறது. இதில் இறங்கி நடந்தால் பஸ்தான் முன்னால் போகும். உட்காருங்கள். போன் செய்து இப்போதே மாற்றச் சொல்ல முடியாது, என்னைத் தவிர யாருக்கும் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதினொரு மணி ஆகட்டும், அவர்கள் பார்த்து முடிக்கட்டும்.

கையை விடுங்கள் அண்ணாச்சி. எல்லோரும் பார்க்கிறார்கள். நான் உங்களை ஒரு மனிதர் என்று நினைத்துச் சொன்னேன். நீங்கள் விசாரணையில் வந்து என்ன சொல்வீர்கள், பஸ்ஸில் ஒருவன் சொன்னான் என்றா? எவன் என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது.

என் பெயரா?

என் பெயர் எதற்கு உங்களுக்கு?